காயம்பட்டவருக்குக் கூட்டு வழக்கு எப்படி நடக்கிறது: அமெரிக்காவில் வாழும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு அந்த விளம்பரம் பழகிப்போயிருக்கும். இன்ன மருந்தைச் சாப்பிட்டீர்களா, இன்ன கருவியை உடலில் பொருத்திக்கொண்டீர்களா, இழப்பீடு கிடைக்கலாம், உடனே அழையுங்கள் என்று ஒரு குரல் அவசரப்படுத்தும். அழைத்தவர்களில் பலர் தாங்கள் ஒரு கூட்டு வழக்கில், அதாவது கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கில் சேர்ந்துவிட்டதாக நம்பி, ஆண்டுக்கணக்கில் காசோலைக்காகக் காத்திருக்கிறார்கள். உண்மையில் உடல் காயம் தொடர்பான பெரிய வழக்குகளில் பெரும்பாலானவை கிளாஸ் ஆக்‌ஷனே இல்லை. உங்கள் வழக்கு எந்த வகையில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, உங்களுக்குள்ள கெடு, கிடைக்கும் தொகை, கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கும் உரிமை எல்லாம் தீர்மானமாகின்றன. ஆகவே இந்தக் கட்டுரை அங்கிருந்தே தொடங்குகிறது. இது பொதுவான விளக்கம் மட்டுமே. முடிவெடுக்கும் முன் உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

முதல் படி: வழக்கு எந்த வகை என்று பாருங்கள்

ஃபெடரல் நீதிமன்றங்களில் கூட்டு வழக்கை ஆள்வது சிவில் நடைமுறை விதிகளில் 23ஆவது விதி. அதன் இன்றைய வடிவம் 1966இல் வந்த திருத்தத்திலிருந்து பிறந்தது. ஒருவரோ சிலரோ, தங்களைப் போலவே பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் சார்பில் வழக்கு நடத்த அது இடம் தருகிறது. ஆனால் வழக்குப் போட்டவுடனே அது கூட்டு வழக்காகிவிடாது. நீதிபதி அதற்குத் தனியாக அங்கீகாரம் தர வேண்டும். ஒவ்வொருவரையும் தனி வாதியாகச் சேர்க்க முடியாத அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்களா, எல்லோருக்கும் பொதுவான சட்டக் கேள்வியோ உண்மைக் கேள்வியோ உண்டா, முன்னே நிற்கும் வாதியின் குறை மற்றவர்களின் குறையை ஒத்திருக்கிறதா, அவரும் அவருடைய வழக்கறிஞர்களும் எல்லோருடைய நலனையும் ஒழுங்காகக் காப்பார்களா என்று அவர் பார்ப்பார். பண இழப்பீடு கேட்கும் வழக்காக இருந்தால் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு: பொதுவான பிரச்சினைகள் தனிப்பட்ட பிரச்சினைகளைவிட மேலோங்கி நிற்கின்றனவா, மற்ற வழிகளைவிடக் கூட்டு வழக்குதான் சிறந்த வழியா?

உடல் காயம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தட்டிப்போகிறது. ஒரு வங்கி எல்லா வாடிக்கையாளரிடமும் தலைக்கு 35 டாலர் அநியாயமாகப் பிடித்திருந்தால், ஒருவருடைய கதையும் அடுத்தவருடைய கதையும் ஒன்றுதான். ஒரே மாத்திரையைச் சாப்பிட்ட இருவரின் கதை அப்படி இருக்காது. ஒருவர் இருபது ஆண்டு புகைபிடித்தவராக இருப்பார்; இன்னொருவர் குடும்பத்தில் மூன்று பேருக்கு இதயநோய் இருந்திருக்கும்; ஒருவர் இறந்துபோயிருப்பார், மற்றவருக்கு இதுவரை எந்த அறிகுறியும் இருக்காது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போடப்பட்ட மிகப் பெரிய சமரசத்தை 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆம்கெம் வழக்கில் நிராகரித்ததற்கு இதுவே அடிப்படை. இன்று நோயில் படுத்திருப்பவருக்கு உடனடியாகப் பணம் வேண்டும். தூசியைச் சுவாசித்துவிட்டு இன்னும் நலமாக இருப்பவருக்கோ, இருபது ஆண்டு கழித்து நோய் வந்தாலும் நிதி மிச்சமிருக்க வேண்டும். இருவரையும் ஒரே குழுவாக்கி ஒரே பிரதிநிதியை வைத்துப் பேரம் பேச முடியாது என்றது நீதிமன்றம்.

அதனால் மருந்து, உடலில் பொருத்தும் கருவி, இரசாயனப் பொருள் ஆகியவற்றால் வரும் காயங்கள் வேறொரு வழியில் போகின்றன. அதை வழக்கறிஞர்கள் எம்.டி.எல். (மல்டிடிஸ்ட்ரிக்ட் லிட்டிகேஷன்) என்கிறார்கள். 1968இல் வந்த சட்டத்தின்படி, ஏழு ஃபெடரல் நீதிபதிகள் கொண்ட ஒரு குழு, நாடெங்கும் தனித்தனியாகப் போடப்பட்ட ஒரே மாதிரி வழக்குகளை விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக ஒரே நீதிபதியிடம் அனுப்பிவைக்கும். ஆவணங்களைப் பெறுவது, நிறுவன அதிகாரிகளிடம் வாக்குமூலம் வாங்குவது, விஞ்ஞான நிபுணர்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதா என்று முடிவு செய்வது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். வழக்கு மட்டும் கடைசிவரை உங்களுடையதாகவே இருக்கும். சமரசம் ஏற்படாவிட்டால் அது தொடங்கிய நீதிமன்றத்துக்கே திரும்பிப் போக வேண்டும். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் நீதிமன்றங்களிலும் இதே போன்ற ஒருங்கிணைப்பு ஏற்பாடு உண்டு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் உங்களுக்கு முக்கியமானது இதுதான். பணம் கேட்கும் கிளாஸ் ஆக்‌ஷன், நீங்கள் ஏறாமலே உங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பேருந்து போன்றது. இறங்க வேண்டுமானால் நீங்கள்தான் சொல்லி இறங்க வேண்டும். எம்.டி.எல்.லில் உங்கள் பெயரில் ஒரு வழக்கு பதிவாகாதவரை நீங்கள் எதிலும் இல்லை. விளம்பர எண்ணை அழைத்ததோ இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பியதோ வழக்குப் பதிவு ஆகாது. ஆகவே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “என் பெயரில் வழக்கு பதிவாகியிருக்கிறதா, எந்த நீதிமன்றத்தில், எண் என்ன?” மழுப்பலான பதில் வந்தால் அதுவே ஒரு எச்சரிக்கை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே காரணத்தால் பலர் பாதிக்கப்படும் விபத்துகளிலும், எல்லாத் தரப்பும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகும், உடல் காயத்துக்குக் கிளாஸ் ஆக்‌ஷன் வடிவம் பயன்படுகிறது. ஓஹையோவின் ஈஸ்ட் பாலஸ்டைனில் நடந்த ரயில் விபத்தும், ஓய்வுபெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைக் காய வழக்கும் அப்படிப்பட்டவை. இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

காயம் எந்த நாட்டில் நடந்தது?

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. மகன் டெக்சஸில் இருப்பார். அப்பாவுக்குச் சென்னையில் அமெரிக்க நிறுவனத்தின் இடுப்பு மூட்டைப் பொருத்தியிருப்பார்கள். நிறுவனம் அமெரிக்காவில் இருப்பதால் இங்கே வழக்குப் போடலாமே என்று தோன்றுவது இயல்பு. நடைமுறை அப்படி இல்லை. போபால் நச்சுவாயு வழக்குகளை 1986இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம், இந்தியாவே பொருத்தமான களம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூவின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு விவகாரத்தில், 2013இல் அமெரிக்க நோயாளிகளுக்காகச் சுமார் 250 கோடி டாலர் சமரசம் அறிவிக்கப்பட்டது. இந்திய நோயாளிகளுக்கு அதில் பங்கு இல்லை. அவர்களுக்காக இந்திய அரசு தனியே ஒரு குழு அமைத்து, 2018இல் ஒருவருக்கு அதிகபட்சம் 1.23 கோடி ரூபாய் வரை என்று ஒரு கணக்கை ஏற்றது.

ஊரில் நடந்த காயத்துக்கு ஊரில்தான் வழி தேட வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, ஒரே நலன் கொண்ட பல நுகர்வோருக்காக ஒருவர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் தொடுக்க இடம் தருகிறது. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. மாறாக, அமெரிக்காவில் காயம்பட்டவர் எந்த விசாவில் இருந்தாலும் இங்கே வழக்குத் தொடுக்கலாம். எச்-1பி விசாவோ, பேரக்குழந்தையைப் பார்க்க வந்த பெற்றோரின் வருகையாளர் விசாவோ அதற்குத் தடையாகாது.

இரண்டாம் படி: கெடுவைக் கணக்கிடுங்கள்

நல்ல வழக்குகள் பல வீணாவது இந்த இடத்தில்தான். காய வழக்குக்கான காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூ ஜெர்சி ஆகியவற்றில் பொதுவாக இரண்டு ஆண்டு; நியூயார்க்கில் மூன்று; டென்னசியில் ஓராண்டே. ஃபுளோரிடாவில் நான்காக இருந்ததை 2023இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் சொன்ன கணக்கை நம்பி இருந்துவிடக் கூடாது. காயம் உடனே தெரியாத நேர்வுகளில், காயத்தையும் அதன் காரணத்தையும் அறிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்குத் தொடங்குவதாகப் பல மாநிலங்கள் கொள்கின்றன. மருத்துவர் “இந்த மருந்தாலும் இருக்கலாம்” என்று சொன்ன தேதி, மருந்து திரும்பப் பெறப்பட்டதாகக் கடிதம் வந்த தேதி ஆகிய இரண்டையும் எழுதி வையுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தோண்டுவது இந்தத் தேதிகளைத்தான்.

உங்களையும் உள்ளடக்கக்கூடிய கிளாஸ் ஆக்‌ஷன் ஒன்று நிலுவையில் இருக்கும்போது உங்கள் தனிக் கெடு நின்றுபோயிருக்கும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் பைப் வழக்கில் சொன்னது. நீதிபதி அங்கீகாரம் மறுத்துவிட்டால் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும். ஆனால் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் காய வழக்குகளில் எல்லா மாநிலங்களும் இந்தச் சலுகையை ஒரே மாதிரி தருவதில்லை. இதை நம்பிச் சும்மா இருப்பது சூதாட்டம்.

மூன்றாம் படி: ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

என்ன ஆதாரம் கேட்பார்கள் என்பதை ஒரு பழைய உதாரணத்திலிருந்து தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். வயோக்ஸ் என்ற வலி மாத்திரையை மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. மாரடைப்பும் பக்கவாதமும் வந்தவர்கள் தொடுத்த ஆயிரக்கணக்கான வழக்குகள் நியூ ஆர்லியன்சில் ஒருங்கிணைக்கப்பட்டு, 2007இல் 485 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அந்தப் பணத்தை நெருங்க மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டியிருந்தது. மாரடைப்போ மூளைக்கு இரத்தம் போகாமல் வந்த பக்கவாதமோ ஏற்பட்டதற்கு மருத்துவப் பதிவு வேண்டும். குறைந்தது 30 மாத்திரையாவது பெற்றதற்குச் சான்று வேண்டும். நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாளுக்குள் மாத்திரை சாப்பிட்டதாகக் கொள்ளும் அளவுக்கு மருந்தகப் பதிவு வேண்டும். மருத்துவர் கையில் கொடுத்த இலவச மாதிரிகளை விழுங்கிவிட்டு, அட்டையையும் தூக்கியெறிந்துவிட்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மருந்தகத்திலிருந்து முழு விநியோகப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைப் பதிவுகளின் நகலைப் பெறுவது ஃபெடரல் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. ஆனால் பதிவுகளைக் காலமெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குக் கட்டாயம் இல்லை. உடலில் பொருத்திய கருவியானால், அறுவைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு ஸ்டிக்கரின் நகலைத் தவறாமல் கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், லாட் எண் எல்லாம் அதில்தான் இருக்கும். எந்த மாதிரி என்று நிறுவ முடியாதவரின் வழக்கு பெரும்பாலும் முளையிலேயே கருகிவிடும். அந்தக் கருவியை மறு அறுவையில் எடுக்கப்போகிறார்கள் என்றால், அதை அப்புறப்படுத்தாமல் பாதுகாக்கும்படி அறுவைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அதுதான் வழக்கின் தலையாய சாட்சி. வேலைக்குப் போகாத நாட்கள், கைக்காசு போட்டு வாங்கிய பொருட்கள், மருத்துவமனைக்குப் போய்வந்த தூரம் ஆகியவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

விபத்து நடந்த சில நாட்களிலேயே நிறுவனத்தின் ஆட்களோ காப்பீட்டு ஆட்களோ சிறு தொகையோடு வரலாம். பணத்தை வாங்குவதா வேண்டாமா என்பதைவிட, அதோடு நீட்டப்படும் காகிதத்தில் உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரி இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்; பதிவு செய்யும் வாக்குமூலமும் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: வழக்கறிஞர்

காய வழக்குகளில் முன்பணம் இல்லை. வென்றால் அல்லது சமரசமானால் ஒரு சதவீதம் என்பதே வழக்கம். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து நாற்பது சதவீதம் வரை. சில நேரங்களில் நீதிபதியே அதற்கு உச்சவரம்பு வைப்பதும் உண்டு. வயோக்ஸ் வழக்கில் நீதிபதி எல்டன் ஃபாலன் 32 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார். கிளாஸ் ஆக்‌ஷனில் கட்டணத்தை நீதிமன்றமே நிர்ணயிக்கும். நீங்கள் தனியாக ஒப்பந்தம் போட வேண்டியதில்லை.

விளம்பரம் செய்யும் நிறுவனம் வழக்கை நடத்தும் நிறுவனமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பல நிறுவனங்கள் பெயர்களைத் திரட்டி வேறு வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டுக் கட்டணத்தில் பங்கு வாங்குகின்றன. அதில் சட்டக் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் உங்கள் கோப்பை யார் கையாள்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டுமாவது விரல் வைத்துப் படியுங்கள். சதவீதம் மொத்தத் தொகையிலிருந்து கணக்கிடப்படுகிறதா, செலவைக் கழித்த பிறகா? வழக்குத் தோற்றால் செலவு யார் தலையில் விழும்? வழக்கறிஞரின் உரிமத்தையும் ஒழுங்கு நடவடிக்கை வரலாற்றையும் மாநில வழக்கறிஞர் அமைப்பின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சங்கத்தில் தெரிந்தவர், ஊர்க்காரர் என்பது மட்டும் தகுதி ஆகாது. இந்தத் துறை தனி.

மொழி பற்றியும் ஒரு சொல். அரசு தொடுக்காத சிவில் வழக்குகளில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இல்லை. வயதான அம்மா வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தால், தகுதி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை யார் ஏற்பாடு செய்வது, யார் பணம் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பதை எதிர்த்தரப்பு ஏற்காது.

ஐந்தாம் படி: கிளாஸ் நோட்டீஸ் வந்தால்

நீங்கள் ஒரு கிளாஸ் வழக்கின் குழுவில் இருக்கக்கூடும் என்று சொல்லும் அறிவிப்பு இது. நீளமான கடிதமாகவோ சிறு அஞ்சலட்டையாகவோ மின்னஞ்சலாகவோ வரும். விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவது எளிது. அதில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்த எண்ணை நீதிமன்றப் பதிவில் சரிபாருங்கள். உரிமைகோரல் படிவம் கொடுக்கக் கட்டணம் கேட்டால் அது மோசடி; உண்மையான சமரச நிர்வாகி ஒரு காசும் கேட்க மாட்டார்.

நோட்டீஸ் உண்மையானது என்றால், உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கும். படிவம் கொடுத்துப் பணம் கேட்கலாம். விலகிக்கொண்டு, அதாவது ஆப்ட்-அவுட் செய்துகொண்டு, தனி வழக்குப் போடும் உரிமையைக் காத்துக்கொள்ளலாம். குழுவிலேயே இருந்துகொண்டு, தொகை போதாது, கட்டணம் அதிகம் என்று நீதிபதிக்கு ஆட்சேபம் எழுதலாம், நேரிலும் பேசலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். இந்த நான்கில் மிகவும் கெட்டது கடைசி வழி. ஒன்றும் செய்யாதவருக்குப் பெரும்பாலும் பணமும் வராது, வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். கைகால் சிராய்ப்பு அளவுக் காயமானால் படிவம் கொடுத்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம் என்பேன். நிரந்தர ஊனம், புற்றுநோய், மரணம் என்றால், விலகுவதா இல்லையா என்பதை ஒரு தனி வழக்கறிஞரிடம் கேட்காமல் தீர்மானிக்காதீர்கள். குழு வழக்கறிஞரின் கடமை முழுக் குழுவுக்கானது, உங்கள் ஒருவருக்கானது அன்று.

இப்போது ஈஸ்ட் பாலஸ்டைனுக்கு வருவோம். 2023 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் அங்கே தடம்புரண்டது. வினைல் குளோரைடு இருந்த ஐந்து டாங்கர்களைச் சில நாட்களில் அதிகாரிகளின் ஒப்புதலோடு திறந்து எரித்தார்கள். கரும்புகை ஊரை மூடியது. 60 கோடி டாலர் சமரசத்துக்கு 2024 செப்டம்பரில் ஃபெடரல் நீதிபதி பெனிட்டா பியர்சன் இறுதி ஒப்புதல் அளித்தார். அதன் வரைபடம் கவனிக்கத்தக்கது. இருபது மைல் சுற்றளவுக்குள் இருந்த வீடுகளும் வணிகங்களும் ஒரு வட்டம். உடல் காயத்துக்கு அதற்குள் பத்து மைல் வட்டம் ஒன்று. உள்வட்டத்தில் இருப்பவர் காயத்துக்கான பணத்தை விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால், இந்த விபத்தால் பின்னால் வரக்கூடிய நோய்க்கும் சேர்த்து உரிமையைக் கைவிட வேண்டும். இன்று கண் எரிச்சலும் இருமலும் இருப்பவர், பத்தாண்டு கழித்து என்ன ஆகும் என்று தெரியாத நிலையில் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியிருந்தது. வாங்கியவரையும் குறை சொல்ல முடியாது, மறுத்தவரையும் குறை சொல்ல முடியாது. நோட்டீஸில் “ரிலீஸ்”, அதாவது உரிமையைக் கைவிடுதல், என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியை இரண்டு முறை படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். மீதான வழக்கில் இந்த ஆபத்து இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஓய்வுபெற்ற சுமார் இருபதாயிரம் வீரர்களை உள்ளடக்கிய சமரசத்துக்கு ஃபிலடெல்ஃபியா நீதிபதி அனிதா பிரோடி 2015 ஏப்ரல் 22இல் ஒப்புதல் அளித்தார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு அதிகபட்சம் 50 லட்சம் டாலர், பார்க்கின்சன்ஸ், அல்சைமர்ஸ் நோய்களுக்கு 35 லட்சம் என்று அட்டவணை போட்டார்கள். விளையாடிய பருவங்கள் குறைந்தாலும் நோய் கண்டறியப்பட்ட வயது கூடினாலும் தொகை இறங்கும். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும், இறந்த பிறகே உறுதிப்படுத்தக்கூடிய சி.டி.இ. என்ற மூளைச் சிதைவுக்கு, அந்த ஒப்புதல் தேதிக்கு முன் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மட்டுமே பணம். மறுநாள் இறந்தவருக்கு அந்தத் தலைப்பின் கீழ் ஒன்றும் இல்லை. ஆனால் விலகியிராவிட்டால் அவரும் உரிமையைக் கைவிட்டவரே. 2017 ஆகஸ்ட் 7க்குள் பெயரைப் பதியத் தவறியவர்களும் வெளியே நின்றார்கள். அறிவாற்றல் சோதனை மதிப்பெண்ணைக் கணக்கிடுகையில் கறுப்பின வீரர்களுக்கு வேறு அளவுகோல் வைக்கப்பட்டு, அவர்களில் பலருக்குப் பணம் மறுக்கப்பட்டதும் பின்னர் வெளிவந்தது; எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த முறை நீக்கப்பட்டது. அட்டவணை வெறும் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ போட்ட ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது.

ஆறாம் படி: எம்.டி.எல்.லில் காத்திருக்கும் காலம்

வழக்குப் பதிவானதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ “ஃபேக்ட் ஷீட்” என்ற நீண்ட கேள்விப் படிவம் வரும். பல ஆண்டு மருத்துவ வரலாறு, பார்த்த எல்லா மருத்துவர்கள், பழைய வேலைகள், முந்தைய வழக்குகள் எல்லாம் கேட்பார்கள். இது சத்தியப் பிரமாணத்துக்கு நிகரானது. ஊரில் பார்த்த வைத்தியத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உரிய தேதிக்குள் கொடுக்காத காரணத்தாலேயே வழக்குகள் தள்ளுபடியாகின்றன. முகவரி மாறினால் வழக்கறிஞருக்கு அன்றே சொல்லுங்கள்.

பிறகு மாதிரி விசாரணைகள் நடக்கும். ஆயிரக்கணக்கான வழக்குகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து ஜூரி முன் வைப்பார்கள். அவற்றின் தீர்ப்பு மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது, பேரத்துக்கு ஒரு விலையை மட்டும் காட்டும். இராணுவ வீரர்கள் அணிந்த 3எம் நிறுவனத்தின் காதடைப்பான் வழக்கில், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் நீதிபதி கேசி ராட்ஜர்ஸ் முன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உரிமைகோரல்கள் குவிந்தன. நடந்த 16 மாதிரி விசாரணைகளில் பத்தில் வாதிகள் வென்றார்கள். ஆறில் நிறுவனம் வென்றது. 2019இல் ஒருங்கிணைத்த அந்த வழக்குகளுக்கு 2023 ஆகஸ்டில்தான் 600 கோடி டாலர் வரையிலான சமரசம் வந்தது. நாளிதழில் வரும் பல கோடித் தீர்ப்பைப் பார்த்து உங்கள் பங்கைக் கணக்குப் போடாதீர்கள். அது ஒருவருக்கு, ஒரு ஜூரி, மேல்முறையீட்டுக்கு முன் சொன்ன தொகை.

காத்திருக்கும் காலத்தில் வழக்கை ஈடாகக் காட்டிக் கடன் தருகிறோம் என்று நிறுவனங்கள் வரும். வட்டி மேல் வட்டி ஏறி, கடைசியில் இழப்பீட்டின் பெரும் பகுதியை அதுவே விழுங்கிவிடலாம். வாடகைக்கே வழி இல்லாத நிலையில் தவிர அதைத் தொட வேண்டாம்.

ஏழாம் படி: சமரசமும் கையில் வரும் பணமும்

எம்.டி.எல். சமரசத்தில் சேருவதா வேண்டாமா என்று நீங்கள் தனியே சம்மதம் தர வேண்டும். ஆனால் நிறுவனங்கள் பெரும்பான்மையோர் சேர்ந்தால்தான் பணம் என்று நிபந்தனை வைக்கும். வயோக்ஸில் அது 85 சதவீதம். அதனால் வழக்கறிஞர்களிடமிருந்து அழுத்தம் வரும். உங்கள் காயம் அட்டவணையில் எந்த நிலையில் வைக்கப்பட்டது, ஏன், அதை எதிர்த்து முறையிட வழி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

கையில் வரும் தொகையைப் பார்த்தால் பலருக்கு அதிர்ச்சி. ஒரு எடுத்துக்காட்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு கட்டணம் 33,333 போகும். பதிவுகள், நிபுணர் போன்ற செலவில் உங்கள் பங்கு 4,000 என்று கொள்வோம். அடுத்து உங்கள் சிகிச்சைக்குப் பணம் கட்டிய மெடிகேர், மெடிகெய்டு, பல நேரங்களில் அலுவலகக் காப்பீட்டுத் திட்டம் ஆகியவை, இந்தக் காயத்துக்காகத் தாங்கள் செலவழித்ததைத் திருப்பிக் கேட்கும். அது 15,000 என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 47,667 டாலர். திருப்பிக் கேட்கும் தொகையை வழக்கறிஞர் பேசிக் குறைக்க முடியும். குறைத்தாரா என்று கேளுங்கள். காயத்துக்குத் தொடர்பில்லாத சிகிச்சைகள், சர்க்கரை நோய்ப் பரிசோதனை போன்றவை, அந்தப் பட்டியலில் நுழைந்திருப்பது சாதாரணம். வரிவரியாகப் பார்த்து அடித்துவிடச் சொல்லுங்கள்.

கிளாஸ் ஆக்‌ஷனில் நீதிபதி ஒப்புதல் அளித்த பிறகும் யாராவது மேல்முறையீடு செய்தால் பணம் நின்றுபோகும். ஈஸ்ட் பாலஸ்டைனிலும் அப்படித் தாமதம் ஏற்பட்டது. காசோலை வந்தால் அதன் காலாவதித் தேதிக்கு முன் வங்கியில் போடுங்கள்.

உடல் காயத்துக்காகவோ உடல் நோய்க்காகவோ வரும் இழப்பீட்டுக்கு ஃபெடரல் வருமான வரி இல்லை; அந்தக் காயத்தால் இழந்த சம்பளத்துக்கான பகுதிக்கும் இல்லை. நிறுவனத்தைத் தண்டிப்பதற்காகக் கூடுதலாக விதிக்கும் தண்டனைத் தொகைக்கும் வட்டிக்கும் வரி உண்டு. ஆகவே எந்தத் தொகை எந்தத் தலைப்பில் என்று பிரித்துக் காட்டும் தாளை வாங்கிக் கணக்காளரிடம் கொடுங்கள். வீட்டில் எஸ்.எஸ்.ஐ. என்ற, வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசின் மாத உதவி பெறும் பெற்றோருக்கு இந்தப் பணம் வருவதாக இருந்தால், காசோலையை வாங்கும் முன்பே உதவி நின்றுபோகாதபடி பணத்தைத் தனியே வைக்கும் சிறப்புத் தேவை அறக்கட்டளை அமைப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். தனி நபருக்கு அந்த உதவியின் சொத்து வரம்பு 2,000 டாலர்தான். பணம் வங்கியில் ஏறிய பிறகு அறக்கட்டளை பற்றி யோசித்தால், மாத உதவி நின்றுபோயிருக்கும், பல மாநிலங்களில் அதோடு வரும் மெடிகெய்டும் நின்றுபோயிருக்கும்.